நெம்புகோல் வகை மின்கம்பி இணைப்பி

நெம்புகோல் வகை மின்கம்பி இணைப்பி என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மின்கம்பிகளை, முறுக்காமலும் திருகாணி கொண்டு இறுக்காமலும் பற்றாசு வைக்காமலும், ஒரு சிறிய நெம்புகோலை மடக்குவதன் மூலம் இணைக்கப் பயன்படும் பொருளாகும். நெம்புகோலைத் தூக்கும்போது உள்ளே உள்ள உருக்கு வில் விரிந்து கம்பி நுழைவதற்கு வழிவிடுகிறது. மடக்கும்போது அதே வில் கம்பியை ஒரு செப்புப் பட்டையின் மேல் அழுத்திப் பிடிக்கிறது. மீண்டும் தூக்கினால் கம்பி சேதமின்றி வெளியே வந்துவிடும். இணைப்பியையும் கம்பியையும் மறுபடி பயன்படுத்தலாம்.

ஒருமுறை இணைத்துவிட்டுச் சுவருக்குள் மூடிவிடும் கம்பிகளுக்கு இவ்விணைப்பியைவிட மலிவான வழிகள் பல உள்ளன. கம்பிகளை அடிக்கடி பிரித்து, இடம் மாற்றி, மீண்டும் இணைக்க வேண்டிய இடங்களிலேயே இதன் பயன் மிகுதி. மேலை நாடுகளில் மாதிரித் தொடர்வண்டித் தளம் அமைப்போர் இதனை விரும்பிப் பயன்படுத்துவதற்கு இதுவே காரணம். அதே தேவை, பன்மடங்கு கூடிய ஆபத்துடன், திருப்பூர் வட்டாரப் பின்னலாடைத் தொழிற்கூடங்களின் தையல் வரிசைகளிலும் உள்ளது.

பெயர்

தமிழ்நாட்டு மின்பணியாளர்களிடையே "கனெக்டர்" என்று மட்டும் சொன்னால் அது பெரும்பாலும் திருகாணிகள் வரிசையாக அமைந்த நெகிழிக் கட்டையையே குறிக்கும். நெம்புகோல் வகையை "லீவர் கனெக்டர்" என்றும், இதனைப் பரவலாக்கிய செருமானிய நிறுவனத்தின் பெயரால் "வாகோ" என்றும் அழைப்பர். ஐரோப்பாவிலும் இந்நிறுவனப் பெயரே பொருளின் பெயராக வழங்குவது உண்டு.

மின்னிணைப்பு சூடேறுவது ஏன்

இவ்விணைப்பியின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு முன், ஒரு சாதாரண கம்பி இணைப்பு எவ்வாறு கெடுகிறது என்பதை அறிதல் வேண்டும்.

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, கண்ணுக்கு முழுமையாகத் தொடுவதுபோல் தோன்றினாலும், உண்மையில் சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அம்மேடுகளின் வழியாகவே செல்கிறது. இதனால் ஏற்படும் தடை தொடுமின்தடை எனப்படும். அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கித் தொடுபரப்பு பெருகும், தடை குறையும். அழுத்தம் தளர்ந்தால் தடை ஏறும். ஆகவே ஒரு மின்னிணைப்பின் நலம் என்பது பெரும்பாலும் அதன் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருப்பதைப் பொறுத்தது.

தடையில் வெளிப்படும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 10 ஆம்பியர் ஓடும் ஒரு கம்பியில் நல்ல இணைப்பின் தடை 1 மில்லி ஓம் எனக் கொண்டால், அங்கு வெளிப்படும் வெப்பம் 0.1 வாட்டு மட்டுமே. அதே இணைப்பு தளர்ந்து தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 10 வாட்டு ஆகும். வானொலி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் சிறிய பற்றவைப்புக் கோலின் திறன் 25 வாட்டு என்பதை நினைத்துப் பார்த்தால், விரல் நுனி அளவுள்ள இடத்தில் 10 வாட்டு என்பது எத்தகையது என்பது விளங்கும். சூடேறிய செம்பு விரிகிறது, எந்திரம் நின்றதும் சுருங்குகிறது. இவ்வாறு நாள்தோறும் விரிந்து சுருங்குவதால் பிடி மேலும் தளர்கிறது. இடைவெளியில் காற்றுப் புகுந்து செம்பின் மேல் ஆக்சைடு படலம் படிகிறது. தடை மேலும் ஏறுகிறது. இறுதியில் சிறு தீப்பொறிகள் தோன்றுகின்றன.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிகைமின்னோட்டத்தில் துண்டிக்கும் எம்.சி.பி. எனப்படும் சாதனத்திற்கு இத்தளர்ந்த இணைப்பு தென்படாது. ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை, எந்திரம் எடுக்கும் அதே 10 ஆம்பியரே ஓடுகிறது. நிலத்திற்குக் கசியும் மின்னோட்டத்தை உணரும் ஆர்.சி.சி.பி. சாதனத்திற்கும் இது தென்படாது. ஏனெனில் எதுவும் நிலத்திற்குக் கசியவில்லை. தொழிற்கூடத் தீ விபத்துகளைப் பற்றிய தமிழ் நாளிதழ்ச் செய்திகள் பெரும்பாலும் "மின்கசிவு காரணமாக" என்றே முடிகின்றன. தளர்ந்த இணைப்பில் தோன்றும் தீ மின்கசிவும் அன்று, குறுக்குச் சுற்றும் அன்று. மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம், கசிவுக்கான சாதனத்தைப் பொருத்திவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற தவறான எண்ணத்திற்கு இடமளிக்கிறது.

முறுக்கி நாடா சுற்றும் முறையில், அதாவது இரு கம்பிகளின் முனைகளையும் முறுக்கி அதன் மேல் "இன்சுலேசன் டேப்" சுற்றும் பரவலான முறையில், அழுத்தத்தைத் தருவது முறுக்கு மட்டுமே. செம்பு மென்மையான உலோகமாதலால் முறுக்கு காலப்போக்கில் நெகிழும். நாடாவின் பசை வெப்பத்தில் இளகிப் பின் காய்ந்து உதிரும். முறையாக முறுக்கிப் பற்றாசு வைத்த இணைப்பு பல பத்தாண்டுகள் தாங்கக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். குறை முறுக்குவதில் இல்லை, முறுக்கியதோடு நிறுத்திக்கொள்வதில்தான் உள்ளது.

அமைப்பும் செயற்பாடும்

இணைப்பியின் உள்ளே மூன்று முதன்மையான உறுப்புகள் உள்ளன. முதலாவது, வெள்ளீயம் பூசப்பட்ட செப்புப் பட்டை. எல்லாத் துளைகளுக்கும் பொதுவான இப்பட்டையின் வழியாகவே மின்னோட்டம் ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக அமைந்த குரோமிய நிக்கல் உருக்கு வில். மூன்றாவது, அவ்வில்லைத் திறக்கும் நெகிழி நெம்புகோல். இவை ஒரு காப்புக் கூட்டினுள் அடங்கியுள்ளன.

வில்லின் வேலை அழுத்துவது மட்டுமே, மின்னோட்டத்தைச் சுமப்பது அன்று. வேலைகளை இவ்வாறு பிரித்ததே இவ்வமைப்பின் சிறப்பு எனலாம். திருகாணி இணைப்பில் கம்பி நசுங்கிச் சிறிது மெலிந்தால் திருகாணி அதனைப் பின்தொடர்ந்து வராது. பிடி தளர்ந்தே போகும். வில்லோ கம்பி மெலிந்தாலும் விரிந்தாலும் அதனைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அதிர்விலும் இது தளர்வதில்லை. மேலும், அழுத்தத்தின் அளவை வில் தீர்மானிக்கிறதே அன்றி, திருப்புளியைப் பிடித்தவரின் கை தீர்மானிப்பதில்லை. மாலை ஏழு மணிக்கு அவசரமாகச் செய்த இணைப்பும் காலையில் நிதானமாகச் செய்த இணைப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே அமையும்.

வாகோவின் 221 வரிசையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இரண்டு, மூன்று, ஐந்து துளைகள் கொண்டதாக இது கிடைக்கிறது. பரவலான அளவில் 0.2 முதல் 4 சதுர மில்லிமீட்டர் வரையிலான ஒற்றை இழை, பல இழைக் கம்பிகளை ஏற்கும். அனைத்துலகத் தரத்தின்படி இதன் அளவீடு 450 வோல்ட்டு, 32 ஆம்பியர். கம்பியின் காப்பை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் வரை ஏற்கும் பெரிய அளவும் உண்டு. கூடு ஒளி ஊடுருவக்கூடியதாக இருப்பதால், கம்பி உரிய ஆழம் வரை சென்றுள்ளதா என்பதை வெளியிலிருந்தே காணலாம். இணைப்பைப் பிரிக்காமல் மின்னழுத்தம் அளக்கச் சிறு துளைகளும் உள்ளன.

வரலாறு

கம்பிகளைக் கருவியின்றி இணைக்கும் முயற்சிகள் பழமையானவை. இசுக்காட்லாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய வில்லியம் மார் என்பவர் 1914 ஆம் ஆண்டு வாக்கில், முறுக்கிய கம்பிகளின் மேல் திருகி மூடும் தொப்பி வடிவ இணைப்பியை உருவாக்கினார். வட அமெரிக்காவில் இன்றும் இதுவே பெருவழக்கு.

வில்லால் கம்பியைப் பிடிக்கும் முறையை முன்னெடுத்தது வாகோ நிறுவனம். இது 1951 இல் செருமனியின் மின்டன் நகரில் தொடங்கப்பட்டது. வில் இணைப்புக்கான காப்புரிமையை வைத்திருந்த வாக்னர், ஓல்பிரிச்டு ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து நிறுவனத்தின் பெயர் அமைந்தது. 1977 இல் அறிமுகமான கூண்டு வடிவ வில், பல இழைகள் கொண்ட மென்கம்பிகளையும் உறுதியாகப் பிடித்ததால் தொழிற்சாலை மின்பெட்டிகளில் பரவியது. பின்னர் அவ்வில்லுடன் நெம்புகோலைச் சேர்த்து, சிறு திருப்புளிகூடத் தேவைப்படாதபடி செய்தனர். சாம்பல் நிறக் கூடு கொண்ட 222 வரிசை முதலிலும், அளவில் சிறிய 221 வரிசை 2010களின் நடுப்பகுதியிலும் வெளிவந்தன.

திருப்பூர்த் தையல் வரிசைகளில்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1925 அளவில் சிறு தொழிற்கூடங்களாகத் தொடங்கியது. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930களில் கோவை வட்டாரத்திற்கு வந்தபின் கையால் சுற்றிய எந்திரங்கள் மின்விசைக்கு மாறின. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 1980களில் பெருகியது. நகரின் தெருக்களில் வீடுகளுக்கு இடையிலும் வீடுகளுக்கு மேலும் எழுந்த பனியன் கம்பெனிகள் பல, மின்னமைப்பையும் அவ்வாறே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டவை. தைத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட "பவர் டேபிள்" கூடங்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு தையல் வரிசையின் இயல்பே இடமாற்றம்தான். அரைக்கைச் சட்டை ஒன்றுக்குத் தோள் இணைப்பு, கழுத்துப் பட்டி, கை இணைப்பு, பக்கத் தையல், அடிமடிப்பு, பெயர்ப்பட்டை எனப் பல படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என வழங்கும் எந்திரங்களில் ஒன்று தேவை. ஆர்டர் மாறி வேறு மாதிரி ஆடை வந்தால் எந்திரங்களின் வரிசையும் மாறும். மேசைகள் நகர்த்தப்படும். அவற்றின் மேல் தொங்கும் குழல் விளக்குகளும் கூடவே நகர வேண்டும். உரிய நீளத்திற்குக் கம்பி எட்டாவிட்டால் வேறொரு துண்டு ஒட்டுப்போடப்படும். அடுத்த மாற்றத்தில் அது வெட்டப்பட்டு மீண்டும் முறுக்கப்படும். சில ஆண்டுகளில் ஒரே கம்பியில் நான்கைந்து ஒட்டுகள் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் கம்பியின் முனை வெட்டப்படுவதால் நீளமும் குறைந்துகொண்டே வரும்.

பெரிய ஆலைகள் இச்சிக்கலைத் தலைக்கு மேலே ஓடும் பஸ்பார் குழாய்களால் தீர்த்துக்கொள்கின்றன. குழாயின் எந்த இடத்திலும் செருகியைப் பொருத்தி மின்சாரம் எடுக்கலாம். அத்தகைய முதலீடு இயலாத சிறு கூடங்களில், மேசைக்கு அருகில் ஒரு மூடிய சந்திப்புப் பெட்டியும் அதனுள் நெம்புகோல் இணைப்பிகளும் வைப்பது இடைப்பட்ட வழியாகும். எந்திரத்தை நகர்த்தும்போது மின்சாரத்தை நிறுத்தி, நெம்புகோலைத் தூக்கிக் கம்பியை எடுத்து, புதிய இடத்தில் உள்ள பெட்டியில் பொருத்தலாம். வெட்டவும் ஒட்டவும் தேவையில்லை.

சுமையைக் கணக்கிட்டால், உயர்ந்த அளவு 550 வாட்டு கொண்ட சர்வோ மோட்டார் எந்திரங்கள் 30 உள்ள ஒரு வரிசை முழுச்சுமையில் 16.5 கிலோவாட்டு எடுக்கும். மூன்று பேசுகளுக்கும் சமமாகப் பிரித்தால் பேசு ஒன்றுக்கு ஏறத்தாழ 24 ஆம்பியர். தையல் விட்டுவிட்டு நடைபெறுவதால் உண்மையான சராசரி இதைவிட மிகவும் குறைவு. எந்திரத்திற்குச் செல்லும் கிளைக்கம்பிகளுக்கும் விளக்குகளுக்கும் நெம்புகோல் இணைப்பியின் அளவீடு தாராளமாகப் போதும். வரிசைக்கு வரும் முதன்மைக் கம்பி 10 அல்லது 16 சதுர மில்லிமீட்டர் என்றால் அது இவ்விணைப்பியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கு லக் வைத்து நசுக்கி, பஸ்பாரில் திருகி முடுக்குவதே முறை.

பஞ்சுத் தூசி

பின்னலாடைக் கூடத்தில் காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி மிதக்கிறது. துணி வெட்டும்போதும், ஓவர்லாக் கத்தி ஓரத்தைச் சீவும்போதும் இது மிகுதியாகத் தோன்றும். மேசைக்கு அடியிலும், கம்பித் தட்டுகளிலும், விளக்குகளின் மேலும் படியும். சாதாரண மின்கம்பியின் பி.வி.சி. காப்பு 70 பாகை செல்சியசு வரை தாங்கும் வகையில் செய்யப்படுகிறது. அதற்கு மேல் நெடுநேரம் சூடேறினால் காப்பு இறுகிப் பிளவுபடும். பருத்தி தானாகத் தீப்பற்றும் வெப்பநிலை ஏறத்தாழ 400 பாகை என்றாலும், தடித்துப் படிந்த தூசி வெப்பத்தை வெளியேற விடாமல் போர்த்திக்கொள்வதால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உள்ளுக்குள் கனியத் தொடங்கும். கனியும் பஞ்சில் சுடர் தெரியாது. கூடம் பூட்டப்பட்ட பிறகு சில மணி நேரம் கழித்தும் தீ எழக்கூடும்.

வங்காளதேசத்தில் 2012 நவம்பரில் தசுரீன் ஆடைத் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2013 ஏப்பிரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்தது. அதன்பின் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் அந்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மின்பொறியாளர்கள் ஆய்வு நடத்தினர். மின்பெட்டிகளிலும் கம்பிகளிலும் படிந்த பஞ்சுத் தூசி, தாங்கலின்றித் தொங்கும் கம்பிகள் ஆகியவை அவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவாயின. ஒரே வகை ஆடையை ஒரே வகை எந்திரத்தில் தைக்கும் திருப்பூருக்கு அப்பட்டியல் அயலானது அன்று.

நெம்புகோல் இணைப்பி தூசியைத் தடுக்காது. கம்பி செருகாத துளை திறந்தே இருப்பதால் அதனுள்ளும் தூசி புகும். ஆகவே இதனை மூடியுள்ள பெட்டியினுள் வைப்பது கட்டாயம். மேசைக்கு அடியில் திறந்தவாறு தொங்கவிடப்பட்ட நெம்புகோல் இணைப்பி, நாடா சுற்றிய ஒட்டைவிடப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. சாயப்பட்டறைகளில் நிலை வேறு. அங்கு தூசிக்குப் பதிலாக நீராவியும் உப்பும் வேதிப்பொருள்களும் உள்ளன. நீர்புகாப் பெட்டியும் அதற்குரிய கம்பிப் பிடிப்பான்களும் இன்றி இதனைப் பயன்படுத்தக் கூடாது.

நியூட்ரல் கம்பியின் இணைப்பு

மூன்று பேசு அமைப்பில் மிகுந்த கவனத்திற்குரியது நியூட்ரல் கம்பியின் இணைப்பாகும். ஒரு பேசின் இணைப்பு விட்டுப்போனால் அப்பேசில் உள்ளவை மட்டும் நின்றுவிடும். பொதுவான நியூட்ரல் விட்டுப்போனாலோ எதுவும் நிற்காது. மாறாக, குறைந்த சுமையுள்ள பேசில் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 400 வோல்ட்டை நோக்கி ஏறும். விளக்குகளும் மோட்டார்களின் மின்னணுப் பலகைகளும் சில நொடிகளில் கருகிப்போகும்.

பழைய கிளட்ச் மோட்டார்களுக்குப் பதிலாக மின்சாரம் குறைவாகச் செலவிடும் சர்வோ மோட்டார்கள் வந்தபின் இதில் மற்றொரு கூறும் சேர்ந்துள்ளது. மின்னணுச் சாதனங்கள் மாறுமின்னோட்டத்தைச் சீரான அலையாக எடுப்பதில்லை. அதனால் தோன்றும் மூன்றாம் சீரிசை மின்னோட்டங்கள் மூன்று பேசுகளிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று நீக்காமல் கூடிவிடுகின்றன. சுமை சமமாகப் பிரிந்திருப்பதால் நியூட்ரலில் மின்னோட்டம் இராது என்ற பழைய கணக்கு இங்கு செல்லாது. நியூட்ரலுக்கு மெல்லிய கம்பி இடுவதும், அதன் இணைப்பை அலட்சியமாகச் செய்வதும் இதனால் முன்னைவிடக் கேடானவை.

மாதிரித் தொடர்வண்டித் தளங்களில்

மாதிரித் தொடர்வண்டித் தளம் என்பது மேசை போன்ற பலகையின் மேல் சிறு தண்டவாளங்களையும் நிலையங்களையும் அமைத்து மின்சாரத்தால் வண்டிகளை ஓட்டும் அமைப்பு. 1:87 என்ற அளவிலான எச்.ஓ. வகை பரவலானது. இதில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்தியாவில் இப்பொழுதுபோக்கு பரவலாக இல்லை. புனே நகரில் பி. எசு. சோசி உருவாக்கி 1998 இல் திறக்கப்பட்ட சிறுவடிவத் தொடர்வண்டி அருங்காட்சியகம் நாட்டில் குறிப்பிடத்தக்க ஒன்று.

தளத்தின் பலகைக்கு அடியில் இரண்டு தடித்த கம்பிகள் முழு நீளத்திற்கும் ஓடும். அவற்றிலிருந்து சிறிய இடைவெளிகளில் மெல்லிய கம்பிகள் மேலேறித் தண்டவாளத்துடன் சேரும். தண்டவாளங்களை இணைக்கும் சிறு தகடுகள் காலப்போக்கில் தளர்வதால், மின்சாரத்தைத் தண்டவாளத்தின் வழியாகவே நெடுந்தூரம் அனுப்ப முடியாது. தையல் வரிசையில் முதன்மைக் கம்பியிலிருந்து ஒவ்வொரு எந்திரத்திற்கும் கிளை பிரிவதைப் போன்றதே இவ்வமைப்பு.

செருமானியப் பொறியாளர் பெர்ண்டு லென்சு உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்கத் தேசிய மாதிரித் தொடர்வண்டிச் சங்கம் 1990களில் வகுத்த எண்முறைக் கட்டுப்பாட்டில், தண்டவாளத்தில் ஏறத்தாழ 15 வோல்ட்டு எப்போதும் இருக்கும். மின்பெருக்கி 5 ஆம்பியர் வரை தரக்கூடும். 10 மீட்டர் தொலைவுக்கு, போகவும் வரவும் 20 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால் அதன் தடை ஏறத்தாழ 0.15 ஓம். 5 ஆம்பியரில் இழப்பு 0.75 வோல்ட்டு. 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இட்டால் இழப்பு 4 வோல்ட்டை நெருங்கும்.

இழப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. வண்டி தடம் புரண்டு இரு தண்டவாளங்களும் இணைந்துவிட்டால் மின்பெருக்கி உடனே துண்டிக்க வேண்டும். தளர்ந்த இணைப்புகளின் தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிட்டால், குறுக்குச் சுற்று ஏற்பட்டதையே மின்பெருக்கி உணராது. 75 வாட்டு வரை ஒரு சிறு சக்கரத்தின் வழியே பாய்ந்து நெகிழி உறுப்புகளை உருக்கிவிடும். எனவே தளத்தின் பல இடங்களில் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்து, மின்பெருக்கி துண்டிக்கிறதா எனச் சோதிப்பது வழக்கம். இது தாழ்மின்னழுத்தத் தளத்திற்கு உரிய சோதனை மட்டுமே. 230 வோல்ட்டு அமைப்பில் ஒருபோதும் செய்யக் கூடாதது.

இங்கு ஐந்து துளை இணைப்பி பெரிதும் பயன்படுகிறது. இரண்டு துளைகளில் முதன்மைக் கம்பி வந்து செல்ல, மற்ற மூன்றில் கிளைகள் சேரும். பழுது எங்குள்ளது எனத் தேடும்போது நெம்புகோல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கலாம். பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்திற்கு நேர் மேலே சூடான பற்றாசைக் கையாள வேண்டிய தொல்லையும் இல்லை. குறை என்னவெனில், முதன்மைக் கம்பியை ஒவ்வொரு சந்திப்பிலும் வெட்டியாக வேண்டும். வண்டியினுள் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லின் மயிரிழைக் கம்பிகள் 0.2 சதுர மில்லிமீட்டரைவிட மிக மெல்லியவை ஆதலால் இதில் நிற்காது.

பொருத்தும் முறை

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சோதனை விளக்கு அல்லது அளவி கொண்டு உறுதி செய்ய வேண்டும். காப்பை உரிக்கப் பல்லையோ வெட்டுக்கத்தியையோ பயன்படுத்தாமல், கம்பி உரிக்கும் கருவியைப் பயன்படுத்துதல் நலம். கத்தி பட்டால் சில இழைகள் அறுந்துபோகும். எஞ்சியவை அதே மின்னோட்டத்தைச் சுமக்க நேரும். உரித்த நீளம் குறைந்தால் வில் செம்பைப் பிடிக்காமல் காப்பைப் பிடிக்கும். மிகுந்தால் செம்பு வெளியே தெரியும். பெரும்பாலான இணைப்பிகளின் பக்கவாட்டில் உரிய நீளம் குறியிடப்பட்டிருக்கும்.

ஒரு துளையில் ஒரு கம்பி மட்டுமே. இரண்டு மெல்லிய கம்பிகளை ஒரே துளையில் திணித்தால் வில் தடித்ததை மட்டும் பிடித்து மற்றதை விட்டுவிடும். நெம்புகோலை முழுமையாக மடக்கியபின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். இச்சோதனைக்கு இரண்டு நொடி போதும். தவறாகச் செருகிய கம்பிகளில் பெரும்பாலானவை இதிலேயே வெளிப்பட்டுவிடும். இணைப்பி கம்பியின் எடையைத் தாங்குவதற்கு அன்று. கம்பி பெட்டியினுள் நுழையும் இடத்திலேயே பிடிப்பான் கொண்டு நிறுத்தப்பட வேண்டும். தமிழ்நாட்டில் தொழிற்கூட மின்பணியை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பொறுப்பில், தகுதிச் சான்று பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

போலிகளும் மலிவு வகைகளும்

வாகோவின் வடிவத்தைப் பின்பற்றிய பெயரற்ற இணைப்பிகள் இந்தியச் சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. 222 வரிசையைப் போன்ற தோற்றம் கொண்ட சீனத் தயாரிப்புகள் இவற்றுள் மிகுதி. இவை அனைத்தும் தரமற்றவை என்று கூற இயலாது. ஆயினும் செப்புப் பட்டை மெலிந்திருப்பது, செம்பிற்குப் பதில் பூச்சிட்ட இரும்பு இருப்பது, வில் வலுக்குறைந்திருப்பது ஆகியவற்றை வெளியிலிருந்து கண்டறிதல் கடினம். 32 ஆம்பியர் என அச்சிட்டிருப்பது மட்டும் சான்றாகாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் முத்திரை உள்ளதா, கூட்டில் தயாரிப்பாளரின் பெயரும் வரிசை எண்ணும் உள்ளனவா எனப் பார்த்து வாங்குவது ஓரளவு உதவும். 15 வோல்ட்டு மாதிரித் தளத்தில் மலிவு இணைப்பி கெட்டால் வண்டி நிற்கும். தையல் மேசையின் அடியில் அதே பொருளை அதே நம்பிக்கையுடன் பயன்படுத்த முடியாது.

விலையே இதன் பரவலுக்கு முதன்மைத் தடை. முறுக்கிச் சுற்றும் ஒட்டுக்கு நாடாவின் விலை மிகச் சொற்பம். நல்ல இணைப்பி ஒன்றுக்குச் சில பத்து ரூபாய் ஆகும். நூற்றுக்கணக்கான ஒட்டுகள் உள்ள கூடத்தில் இது ஒரு தொகையே. எல்லா ஒட்டுகளையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாத நிலையில், நியூட்ரல் கம்பியின் ஒட்டுகள், அயர்னிங் மேசை போன்ற மிகுசுமைக் கிளைகள், தூசி மிகுதியாகப் படியும் வெட்டுமேசைப் பகுதி ஆகியவற்றில் தொடங்குவது பொருத்தமானது. எந்த ஒட்டு முதலில் மாற்றத் தக்கது என்பதை அகச்சிவப்பு வெப்பமானி கொண்டு கண்டறியலாம். முழுச்சுமையில் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து, அதே கம்பியின் மற்ற பகுதிகளைவிட வெப்பம் தெளிவாகக் கூடியுள்ள ஒட்டைக் குறித்துக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தியபின் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அலுமினியக் கம்பி

மேலே கூறியவை யாவும் செப்புக் கம்பிக்கே பொருந்தும். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. உலோகமும் அழுத்தத்தில் எளிதில் நெகிழும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை வீடுகளில் இடப்பட்ட அலுமினியக் கிளைக்கம்பிகளின் இணைப்புகள் பின்னர் தீ விபத்துகளுக்குக் காரணமானது இதனாலேயே. தமிழ்நாட்டில் மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்புக் கம்பி பெரும்பாலும் அலுமினியமாகவும் கட்டடத்தின் உள்ளே செல்வது செம்பாகவும் இருக்கும். இவ்விரண்டும் சேரும் இடத்தில் ஈருலோக லக் அல்லது அதற்கெனச் செய்யப்பட்ட இணைப்பானையே பயன்படுத்த வேண்டும்.